மேம்படுத்தவா, வெளியேற்றவா?

சென்னை பழைய மாமல்லபுரம் சாலையில் வரிசையாக நிற்கும் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் பணிபுரிவோரிடையே 'பி.ஐ.பி.' என்ற மூன்றெழுத்துக்கு ஒரே பொருள்தான் வழங்குகிறது: வேலை போகப்போகிறது. 'அவரைப் பி.ஐ.பி.யில் போட்டுவிட்டார்களாம்' என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் அடுத்து வினவுவது, 'வேறு எங்கேனும் முயற்சி செய்கிறாரா?' என்பதாகவே இருக்கும். ஆனால், அந்த எழுத்துகளின் விரிவு 'செயல்திறன் மேம்பாட்டுத் திட்டம்'. பணியில் பின்தங்கும் ஊழியர் ஒருவருக்குக் குறை எதுவென்று எடுத்துச் சொல்லி, அதைச் சரிசெய்யக் கால அவகாசமும் பயிற்சியும் வழங்கி, அவரை நிறுவனத்திலேயே தக்கவைத்துக்கொள்வதற்கான ஏற்பாடு என்றே மனிதவளத் துறைக் கையேடுகள் இதனை வரையறுக்கின்றன. கைதூக்கி விடுவதற்காக ஏற்பட்ட நடைமுறை, வெளியேற்றத்தின் முன்னறிவிப்பாக மாறியது எப்படி?

நடைமுறை எளியது. ஆண்டு மதிப்பீட்டிலோ இடைக்கால மதிப்பீட்டிலோ ஒருவருக்குக் கடைநிலைத் தரம் கிடைக்கிறது. மேலாளரும் மனிதவள அதிகாரியும் அவரை அழைத்து ஓர் ஆவணத்தை அளிக்கின்றனர். குறைகள், எட்ட வேண்டிய இலக்குகள், அவகாசம், வாராந்திர ஆய்வு ஆகியவை அதில் இருக்கும். அவகாசம் பெரும்பாலும் 30, 60 அல்லது 90 நாள்கள். முடிவில், இலக்கை எட்டினார் என்று திட்டத்தை முடிக்கலாம். இன்னும் சிறிது காலம் நீட்டிக்கலாம். அல்லது பணியிலிருந்து விடுவிக்கலாம். மூன்று வாசல்கள் உள்ள அறை என்று காகிதம் சொல்கிறது. உள்ளே நுழைபவர்களோ ஒரு வாசல்தான் திறந்திருப்பதாக நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

ஒரே ஆவணம் இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்யும்படி கேட்கப்படுவதே சிக்கலின் மூலம். ஒன்று, ஊழியரைச் சீராக்குவது. மற்றொன்று, நாளை அவர் வழக்குத் தொடுத்தால் நிறுவனத்தைக் காப்பாற்றுவது. அமெரிக்காவில், பெரும்பாலான தனியார் ஊழியர்களைக் காரணம் காட்டாமலேயே எந்நேரமும் வேலையைவிட்டு நிறுத்தலாம் என்பது பொதுவிதி. ஆயினும், 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் இனம், நிறம், சமயம், பால், பூர்வீக நாடு ஆகியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்தது. 'திறமைக் குறைவினால்தான் நீக்கினோம், பாகுபாட்டினால் அல்ல' என்று நீதிமன்றத்தில் காட்டுவதற்கு நிறுவனங்களுக்குக் காகிதம் தேவைப்பட்டது. பி.ஐ.பி. அந்தத் தேவைக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பிரிட்டனிலோ, 1996-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் திறனின்மையைப் பணிநீக்கத்துக்கான நியாயமான காரணங்களுள் ஒன்றாக ஏற்கிறது. ஆனால், குறையைத் தெரிவித்து, திருந்த வாய்ப்பளித்த பின்னரே நீக்க வேண்டும் என்று 'ஏகாஸ்' என்ற அரசு சார்ந்த சமரச அமைப்பின் நெறிமுறை எதிர்பார்க்கிறது. அங்கே வாய்ப்பளித்தல் என்பது சட்டத்தின் நிழலில் நிற்கிறது.

இந்தியாவுக்கு வந்தபோது இந்த நடைமுறை வேறொரு வடிவம் கொண்டது. இங்கே ஆள்குறைப்பு என்பதற்குச் சட்டத்தில் விரிந்த பொருள் உண்டு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், ஒழுங்கு நடவடிக்கையாகத் தண்டிப்பது தவிர, 'எக்காரணத்துக்காகவும்' ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து நீக்குவதை ஆள்குறைப்பு என்றது. விருப்ப ஓய்வு உள்ளிட்ட சில விதிவிலக்குகளையும் அளித்தது. அந்தச் சொற்களுக்கு உள்ளபடியே விரிந்த பொருளைத்தான் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 1990-இல் உறுதிசெய்தது. ஆகவே, ஓராண்டு தொடர்பணி முடித்த தொழிலாளி ஒருவரைத் 'திறன் போதவில்லை' என்று சொல்லி நீக்கினாலும், ஒரு மாத முன்னறிவிப்பும், பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டிய பொறுப்பு எழுகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பும் இந்த அடிப்படையைத் தொடர்கிறது.

தானே எழுதித் தரும் ராஜிநாமாவுக்கு இவை எதுவும் பொருந்தா. இந்திய நிறுவனங்களில் பி.ஐ.பி. பெரும்பாலும் பணிநீக்க ஆணையில் முடியாமல் ராஜிநாமாக் கடிதத்தில் முடிவதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. '60 நாள் முடிந்ததும் நாங்களே நீக்கினால் அது உங்கள் பதிவேட்டில் இருக்கும். இப்போதே நீங்களாக விலகினால் அனுபவச் சான்றிதழும் விடுவிப்புக் கடிதமும் சுத்தமாகக் கிடைக்கும்' என்ற கனிவான யோசனை கூட்ட அறையில் முன்வைக்கப்படுகிறது. அடுத்து சேரப்போகும் நிறுவனம் பின்புல விசாரணை நடத்தும் என்பது இருதரப்புக்கும் தெரியும். வீட்டுக் கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருத்துவக் காப்பீடு ஆகிய அனைத்தும் அந்த ஒரு கடிதத்தில் தொங்குகின்றன. கையெழுத்து விழுகிறது. நிறுவனத்தின் கணக்கில் அவர் 'விருப்பத்தின்பேரில் விலகியவர்'.

மென்பொருள் ஊழியர் சட்டத்தின் பார்வையில் 'தொழிலாளி'யா என்ற கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது. பதவிப் பெயரில் 'மேலாளர்' என்றோ 'ஆலோசகர்' என்றோ இருப்பது முடிவான சான்று ஆகாது. செய்யும் வேலையின் தன்மையே அளவுகோல். தகவல் தொழில்நுட்ப ஊழியர்களுக்கும் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமை உண்டு என்பதைத் தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. 2015-இல் வெளியேற்றப்பட்ட மென்பொருள் ஊழியர் ஒருவரை மீண்டும் பணியில் அமர்த்துமாறு சென்னைத் தொழிலாளர் நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டது. நீதி கிடைத்தது, ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு. தொழில்நுட்பம் ஈராண்டுக்கு ஒருமுறை மாறும் துறையில் ஏழு ஆண்டு என்பது எவ்வளவு நீளமான காலம் என்பதை அத்துறையினர் அறிவார்கள்.

சட்டத்தை ஒதுக்கிவைத்து, ஊழியரை உண்மையிலேயே சீராக்க விரும்பும் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் வேலை நோயைக் கண்டறிவது. பெரும்பாலான திட்டங்கள் பிழைபடுவது இந்த இடத்தில்தான். ஒருவரது வேலை சரியில்லை என்றவுடன் நம் மனம் அவரது குணத்தில் காரணம் தேடுகிறது: சோம்பல், அக்கறையின்மை, கற்கும் ஆர்வமின்மை. பிறரது செயலுக்கு அவர்களின் சூழலைவிட இயல்பையே காரணமாகக் கருதும் இந்தச் சாய்வை 'அடிப்படைக் கற்பிதப் பிழை' என்று உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் பெயரிட்டார். ஆலைத் தரக்கட்டுப்பாட்டில் ஜப்பானியருக்கு வழிகாட்டியவரான எட்வர்ட்ஸ் டெமிங் இன்னும் ஒரு படி மேலே சென்றார். உற்பத்தியில் நேரும் குறைகளில் பெரும்பகுதி தொழிலாளியிடம் அல்ல, அவர் பணிபுரியும் அமைப்பில்தான் இருக்கிறது என்று வாதிட்டவர் அவர். ஆண்டுதோறும் தரவரிசை இடும் வழக்கத்தை மேலாண்மையின் கொடிய நோய்களுள் ஒன்றாகவே கருதினார்.

ராபர்ட் மேகர், பீட்டர் பைப் ஆகிய இரு அமெரிக்கப் பயிற்சி வல்லுநர்கள் 1970-இல் முன்வைத்த ஒரு சோதனை இங்கே கைகொடுக்கும். உயிரே போகும் என்ற நிலை வந்தால் அவரால் இந்த வேலையைச் செய்ய முடியுமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். முடியாது என்றால் அது அறிவுக் குறை; பயிற்சி தேவை. முடியும் என்றால் பயிற்சி வீண்; கருவி இல்லையா, அதிகாரம் இல்லையா, ஒரே நேரத்தில் மூன்று பேர் மூன்று விதமாக உத்தரவிடுகிறார்களா, நன்றாகச் செய்தால் கூடுதல் சுமைதான் கிடைக்கிறதா என்று தேட வேண்டும். எட்டு ஆண்டுகள் நல்ல பெயரெடுத்த ஒருவர், புதிய மேலாளர் வந்த நான்காவது மாதத்தில் திடீரெனத் திறமையற்றவராகிறார் என்றால், ஆராயப்பட வேண்டியது அவர் ஒருவர் மட்டும்தானா? பேறுகால விடுப்பு முடிந்து திரும்பிய பெண், தான் இல்லாத ஆறு மாதத்தில் தன் பணித்திட்டம் வேறு குழுவுக்குச் சென்றுவிட்டதைக் காண்கிறார். பழக்கமில்லாத குழுவில் பாதி ஆண்டு வேலையை வைத்து முழு ஆண்டுத் தரம் பெறுகிறார். புற்றுநோய் கண்ட தந்தையை அடையாறு மருத்துவமனைக்கு வாரம் இருமுறை அழைத்துச் செல்பவருக்குத் தேவை திறன் மேம்பாடா, வேலைநேர மாற்றமா? இவர்களிடம் நேரடியாகக் கேட்டால் பத்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும். கேட்காமல் ஆவணத்தை நீட்டினால் அறுபது நாளிலும் கிடைக்காது.

மதிப்பீட்டு முறையே நோயை உற்பத்தி செய்வதும் உண்டு. ஜாக் வெல்ச் தலைமை வகித்த காலத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் ஊழியர்களை மேல் 20 விழுக்காடு, நடு 70, கீழ் 10 என்று பிரித்தது. அந்தக் கீழ்ப் பத்து வெளியேற வேண்டியவர்கள். உலகெங்கும் நிறுவனங்கள் இதனைப் பின்பற்றின. மைக்ரோசாஃப்ட் இப்படிப்பட்ட கட்டாயத் தரவரிசையை 2013 நவம்பரில் கைவிட்டது. சக ஊழியர்களை ஒருவருக்கொருவர் போட்டியாளர்களாக்கி, கூட்டு வேலையைக் குலைக்கிறது என்பது அம்முறையின் மீது நெடுநாளாக இருந்த குறை. நம் நாட்டில் 'மணிவடிவ வளைகோடு' என்ற பெயரில் அதன் சாயல் இன்றும் பல அலுவலகங்களில் தொடர்கிறது. பத்துப் பேரும் நன்றாக வேலை செய்த குழுவிலும் ஒருவரைக் கடைநிலையில் வைத்தே ஆக வேண்டும் என்றால், அந்த ஒருவருக்கு எழுதப்படும் மேம்பாட்டுத் திட்டத்தில் எதை எழுதுவது? மேலாளர்கள் வேறு வழியின்றிக் கற்பனை வளத்தைக் காட்டுகிறார்கள். 'பொறுப்புணர்வு போதாது', 'முன்முயற்சி குறைவு', 'தகவல் பரிமாற்றத்தை மேம்படுத்த வேண்டும்' போன்ற, யாருக்கும் பொருந்துகிற, யாராலும் மறுக்கவோ நிரூபிக்கவோ இயலாத வாசகங்கள் பிறப்பது அப்படித்தான்.

திட்டம் தொடங்கிய பிறகு இன்னொரு சுழல் ஏற்படுகிறது. ஷான் பிரான்சுவா மன்சோனி, ஷான் லூயி பார்சூ என்ற இரு மேலாண்மைப் பேராசிரியர்கள் 1998-இல் அதை விவரித்தனர். ஒருவரைத் திறமை குறைந்தவர் என்று மேலாளர் கருதத் தொடங்கியதும் கண்காணிப்பைக் கூட்டுகிறார். சிறு முடிவுகளுக்கும் ஒப்புதல் கேட்கச் சொல்கிறார். நம்பிக்கை இழந்ததை உணரும் ஊழியர் சொந்தமாக யோசிப்பதை நிறுத்துகிறார். கேள்வி கேட்கத் தயங்குகிறார். அதைக் காணும் மேலாளருக்குத் தம் கணிப்பு சரி என்று உறுதியாகிறது. தோல்விக்கென்றே ஒருவரைத் தயார்செய்யும் நோய்க்குறி என்று இதற்குப் பெயரிட்டார்கள் அவர்கள். வாரம் ஒருமுறை கண்ணாடி அறைக்குள் அழைத்து, மனிதவள அதிகாரியின் முன்னிலையில் தவறுகளைப் பட்டியலிடுவது இந்தச் சுழலை வேகப்படுத்தும். குறைநிறைகளை எடுத்துச் சொன்னாலே வேலை மேம்படும் என்ற எண்ணமும் முழு உண்மையல்ல. ஆவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெநிசி ஆகியோர் 1996-இல் பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியில் முன்னேற்றம் தென்பட்டாலும், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் செயல்திறன் குறைந்தே போயிருந்தது. விமர்சனம் வேலையைவிட்டு ஆளை நோக்கித் திரும்பும்போது கவனமும் வேலையைவிட்டுத் தற்காப்புக்குத் திரும்பிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கத்தின் சாரம்.

அப்படியானால் நல்ல திட்டம் எப்படி இருக்கும்? கையால் மென்பொருள் சோதனை செய்து பழகிய ஒருவர், தானியங்கிச் சோதனைக் குழுவுக்கு மாற்றப்பட்டுத் திணறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'தொழில்நுட்பத் திறனை உயர்த்த வேண்டும்' என்று எழுதுவது வழக்கமான திட்டம். பயனுள்ள திட்டம், முதல் மூன்று வாரம் அவரை வழக்கமான வேலையிலிருந்து பாதி நேரம் விடுவித்துக் கற்க விடும். குழுவில் இன்னார் தினமும் ஒரு மணிநேரம் அவருடன் அமர்வார் என்று பெயர் குறிப்பிடும். அந்த உதவியாளரின் வேலைச்சுமையும் அதற்கேற்பக் குறைக்கப்படும். நான்காவது வாரம் முதல் எளிய சோதனை நிரல்கள், எட்டாவது வாரம் முதல் குழுவின் மற்றவர்கள் எழுதும் அளவுக்குச் சிக்கலானவை, பன்னிரண்டாவது வாரத்தில் பிறர் திருத்தாமல் ஏற்கத்தக்கவை இத்தனை என்று அளவு சொல்லும். அந்த அளவு குழுவின் நடுத்தர உறுப்பினர் எட்டுவதாக இருக்க வேண்டும். குழுவின் நட்சத்திரம்கூட எட்டாத இலக்கைத் தடுமாறுபவருக்கு விதிப்பது உதவி ஆகாது. அவகாசமும் வேலைக்கு ஏற்றதாக வேண்டும். ஒரு விற்பனை ஒப்பந்தம் முடிய நான்கு மாதம் பிடிக்கும் தொழிலில் 30 நாள் திட்டம் கேலிக்கூத்து.

மேற்கண்ட திட்டத்தில் பாதி வாக்கியங்கள் நிறுவனத்தின் கடமைகளைச் சொல்கின்றன என்பதைக் கவனிக்கலாம். ஒரு மேம்பாட்டுத் திட்டம் நேர்மையானதா என்பதை அறிய என் கணிப்பில் இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை. ஊழியர் செய்ய வேண்டியவை மட்டுமே இரண்டு பக்கம் நிறைந்து, மேலாளர் செய்ய வேண்டியது ஒரு வரிகூட இல்லையென்றால், அது குற்றப்பத்திரிகை. பயிற்சி வாக்களிக்கப்பட்டு வழங்கப்படாவிட்டால் அவகாசம் தானாக நீள வேண்டும். இறுதித் தீர்ப்பைக் குறை கண்ட மேலாளர் ஒருவரிடமே விடாமல், வேறு குழுவின் மூத்தவர் ஒருவரும் வேலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். வென்று வெளிவந்தவரின் பழைய ஆவணம் அடுத்த ஆண்டு ஊதிய உயர்வின்போதோ, ஆள்குறைப்புப் பட்டியல் தயாராகும்போதோ மேசைக்கு வரக்கூடாது.

நிறுவனத் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒருவர் செய்யத் தவறும் வேலை மாயமாய் மறைவதில்லை. பக்கத்து இருக்கைக்காரர் இரவு பத்து மணிவரை அமர்ந்து அதை முடிக்கிறார். அவருடைய பொறுமைக்கும் எல்லை உண்டு. எவ்வளவு உதவினாலும் சிலருக்குச் சில வேலைகள் பொருந்துவதில்லை என்பதும் உண்மை. நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் இதில் வெளிப்படையான நிலை எடுத்தது. முடிவு செய்துவிட்டபின் மேம்பாட்டுத் திட்டம் என்று நாடகமாடுவதைவிட, கணிசமான தொகையைக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைப்பது மேல் என்பது அதன் கொள்கை. கடுமையாகத் தோன்றினாலும் அதில் பொய் இல்லை. நம் ஊரில் அதன் முதல் பாதியை மட்டும் ரசித்து, தொகை கொடுக்கும் பாதியை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் தொல்லை. ஆளுக்கு வேலை பொருந்தவில்லையென்றால், அனுப்புவதற்கு முன் அதே நிறுவனத்தில் பொருந்தும் வேறு வேலை இருக்கிறதா என்று பார்ப்பதும் அரிதாகவே நடக்கிறது. பல்லாயிரம் பேர் பணிபுரியும் நிறுவனத்தில் அப்படி ஓர் இடமே இல்லை என்பது நம்பக் கடினமானது.

நம் நீதிமன்றங்கள் அரசுப் பணி தொடர்பில் வகுத்த நெறிகள் இங்கே நினைவுகூரத் தக்கவை. தற்காலிகமாக நியமிக்கப்பட்ட மருத்துவர் ஒருவர் வேலை திருப்திகரமாக இல்லை என்று விடுவிக்கப்பட்ட வழக்கில், குறைபாட்டை உரிய காலத்தில் முன்கூட்டியே தெரிவித்துத் திருத்திக்கொள்ள வாய்ப்பளித்திருக்க வேண்டும் என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நிரந்தரம்கூட ஆகாத ஒருவருக்கே இந்த உரிமை. 2008-இல் தேவ் தத் வழக்கில், ஓர் அதிகாரியின் ஆண்டு மறைமுகக் குறிப்பேட்டில் எழுதப்படும் ஒவ்வொரு மதிப்பீடும், அது 'நன்று' என்றே இருந்தாலும், அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்புகள் தனியார் நிறுவனங்களை நேரடியாகக் கட்டுப்படுத்துவன அல்ல. எனினும், 'ஆண்டு முழுவதும் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டு, மார்ச் மாதத்தில் கடைநிலைத் தரம் கொடுத்தார்கள்' என்று புலம்பும் ஊழியர் கேட்பதும் இதே இயற்கை நீதியைத்தான்.

திட்டத்தின் கீழ் வைக்கப்பட்டவர் செய்யக்கூடியவை சில உண்டு. இலக்குகள் மங்கலாக இருந்தால், எதை எட்டினால் நிறைவேறியதாகக் கொள்ளப்படும் என்று எழுத்தில் கேட்கலாம். ஒவ்வொரு வாரச் சந்திப்பு முடிந்த அன்றே, பேசப்பட்டது இன்னது, வாக்களிக்கப்பட்ட உதவி இன்னது என்று மின்னஞ்சல் அனுப்பலாம். ஆவணத்தைப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திடுவது வேறு. அதன் உள்ளடக்கத்தை ஒப்புக்கொள்வது வேறு. அந்த வேறுபாட்டைக் கையெழுத்தின் அருகிலேயே எழுதலாம். கூட்ட அறையிலேயே ராஜிநாமா எழுதித் தருமாறு கேட்டால், வீட்டில் கலந்து பேசி மறுநாள் சொல்வதாகக் கூறி எழுந்து வருவதற்கு யாரும் தடை போட முடியாது.

புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று இருக்கிறது. ஆள்குறைப்பு செய்யப்படும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் நிறுவனம் 15 நாள் ஊதியத்துக்கு ஈடான தொகையை அதில் செலுத்த வேண்டும். அது 45 நாள்களுக்குள் அவர் கணக்குக்குப் போய்ச் சேர வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும், ஒருவர் வேலையை இழந்த பிறகுதான் அவருக்குப் புதிய திறன் கற்பிக்க நம் சட்டத்துக்கு நினைவு வருகிறது. ராஜிநாமா எழுதிக் கொடுத்தவருக்கு அதுவும் இல்லை.

பங்குச் சந்தைகளில் பட்டியலிடப்பட்ட முதல் ஆயிரம் நிறுவனங்கள் செபியின் விதிப்படி ஆண்டுதோறும் 'வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை' வெளியிடுகின்றன. ஊழியர்களில் எத்தனை விழுக்காட்டினருக்குச் செயல்திறன் மதிப்பீடு நடந்தது, எத்தனை விழுக்காட்டினர் வேலையைவிட்டு விலகினர் என்ற விவரங்கள் அதில் உண்டு. சென்ற ஆண்டு மேம்பாட்டுத் திட்டத்தில் வைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் ஓராண்டு கழித்தும் அதே நிறுவனத்தில் பணிபுரிகிறவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களை மட்டும் அதில் சேர்க்கும்படி செபி கேட்கலாம். நிறுவனங்களிடம் அந்த எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன.